சாட்சிகள் சொன்ன நேரங்களைக் கணினியில் கோத்தால் முரண் வருகிறது: யாரை நீக்குவது? (ஹான்பரி தெரு, 1888)

கயல் கேட்டது:

வணக்கம். முதுகலை மொழியியல் பயிலும் நான், நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களைக் கணினியால் பகுத்து, ஒரு குற்றத்தின் நேரவரிசையை மீட்டெடுப்பது பற்றிச் சிறு ஆய்வேடு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். நடப்பு வழக்கு எதையும் தொட விருப்பமில்லை. சாட்சியங்கள் விரிவாக அச்சில் கிடைக்கவும் வேண்டும். ஆகவே லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், 1888 செப்டம்பர் 8 சனிக்கிழமை விடியலில், ஹான்பரி தெரு 29-ஆம் எண் வீட்டின் பின்முற்றத்தில் நடந்த ஆனி சாப்மன் கொலையை எடுத்துக்கொண்டேன். கொலைகாரன் யார் என்ற கேள்வி என்னுடையதல்ல. அதற்கென்று எழுதிக் குவித்தவர்கள் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். சாட்சிகள் சொன்ன நேரங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது மட்டுமே என் கேள்வி.

மரண விசாரணை அதிகாரி வின் பேக்ஸ்டர் முன் சொல்லப்பட்டவற்றில் நேரம் தொடர்பான பகுதிகளைச் சுருக்கித் தருகிறேன். சந்தையில் வேலை செய்த ஜான் ரிச்சர்ட்சன், தம் தாயார் வாடகைக்கு இருந்த அந்த வீட்டின் நிலவறைப் பூட்டைச் சரிபார்க்க 4.45-க்கும் 4.50-க்கும் இடையில் வந்ததாகவும், பின்படியில் அமர்ந்து காலணியில் உறுத்திய தோலை வெட்டியதாகவும், அப்போது அங்கே சடலம் இல்லை என்றும் கூறினார். அடுத்த வீடான 27-இல் குடியிருந்த தச்சர் ஆல்பர்ட் கேடாஷ், 5.15 அளவில் எழுந்து முற்றத்துக்குச் சென்று, 5.20 அளவில் திரும்பும்போது வேலிக்கு அப்பால் 'இல்லை' என்று ஒரு குரல் கேட்டதாகவும், மூன்று நான்கு நிமிடம் கழித்து மீண்டும் வெளியே வந்தபோது ஏதோ வேலியின் மீது விழுந்த ஓசை கேட்டதாகவும், பிறகு வேலைக்குப் புறப்பட்டு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தைக் கடந்தபோது ஐந்தரை மணி தாண்டி இரண்டு நிமிடம் ஆகியிருந்ததாகவும் சொன்னார். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த எலிசபெத் லாங் அம்மையார், மதுபான ஆலைக் கடிகாரம் ஐந்தரை அடித்ததைக் கேட்ட பிறகு அந்தத் தெருவுக்குள் வந்ததாகவும், 29-ஆம் எண் வீட்டருகே ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டதாகவும், பிணவறையில் கண்ட முகம் அந்தப் பெண்ணுடையதே என்றும் உறுதியாகக் கூறினார். அதே வீட்டில் குடியிருந்த வண்டிக்காரர் ஜான் டேவிஸ் ஆறு மணிக்குச் சடலத்தைக் கண்டார். 6.30-க்கு வந்த மருத்துவர் ஜார்ஜ் ஃபிலிப்ஸ், உயிர் போய்க் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், அதற்கும் மேலாகவே இருக்கலாம் என்றார்.

நேரச்சொற்களை ஹைடல்டைம் என்ற மென்பொருளால் பிரித்தெடுத்து, எது எதற்கு முன், எது எதற்குப் பின் என்ற உறவுகளைக் கையால் குறித்து, எல்லாவற்றையும் ஒரே வலையாக்கிப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஓட்டினேன். முரண் என்ற விடை வந்து நின்றுவிட்டது. லாங் சொன்னபடி ஐந்தரைக்கு உயிரோடு இருந்தவர், கேடாஷ் சொன்னபடி 5.24-க்கே விழுந்திருக்கிறார், மருத்துவர் சொன்னபடி 4.30-க்கு முன்பே இறந்திருக்கிறார். எந்தச் சாட்சியை நீக்கினால் வலை சீராகும் என்று கணக்கிடுவதுதான் முறையா? 'அளவில்', 'சுமார்' என்று சொன்னவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுக்கலாமா? முழு வேலையையும் ஒரு பெரிய மொழி மாதிரியிடம் (கேட்டதற்கு உரையாக விடை எழுதும் செயற்கை நுண்ணறிவிடம்) ஒப்படைத்துவிட்டால் என்ன என்று தோழி ஒருத்தி கேட்கிறாள். அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை.

காலவலை எழுதியது:

கயல், உங்கள் கேள்வியிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 'கேடாஷ் சொன்னபடி 5.24-க்கே விழுந்திருக்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். கேடாஷ் அப்படிச் சொல்லவே இல்லை. வேலியின் மீது ஏதோ விழுந்த ஓசை கேட்டதாகத்தான் சொன்னார். எட்டிப் பார்க்கவும் இல்லை. அந்த ஓசைதான் கொலை என்று கோடு போட்டவர் நீங்கள். உங்களுக்கு முன்னால் பேக்ஸ்டர்.

நேரவலையில் மூன்று வகைக் கோடுகள் இருக்கின்றன; அவற்றை ஒரே நிறத்தில் வரைந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. முதல் வகை சாட்சியே தன் வாயால் கட்டியது: 'முதலில் குரல், மூன்று நான்கு நிமிடம் கழித்து ஓசை.' இரண்டாம் வகை கடிகாரத்தோடு கட்டியது: தேவாலயத்தைக் கடந்தபோது 5.32. மூன்றாம் வகை இரண்டு சாட்சிகளின் பேச்சை இணைக்க ஆய்வாளர் கட்டுவது: லாங் பார்த்த பெண்ணும் முற்றத்தில் கிடந்த பெண்ணும் ஒருவரே, கேடாஷ் கேட்ட ஓசையும் கொலையும் ஒன்றே. இந்த மூன்றாம் வகைக்கு எந்த வாக்குமூலத்திலும் ஒரு சொல்கூடச் சான்று இருக்காது. ஆனால் முரண் வளையம், அதாவது ஒன்றாக நிற்க முடியாத கோடுகளின் சுற்று, உருவாகும்போது அதில் ஏதாவது ஓரிடத்தில் இந்த வகைக் கோடு இருந்தே தீரும். ஏனென்றால் இரண்டு தனித்தனி ஆட்களின் கதைகளை ஒரு வளையமாக்குவதே அதுதான்.

கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஐந்து மணிக்குப் பிறகான நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கேடாஷ் தேவாலயத்தைக் கடந்தது 32. ஓசை கேட்ட பிறகு அவர் வீட்டுக்குள் போய், வெளியே வந்து, தேவாலயம் வரை நடக்கக் குறைந்தது 3 நிமிடமாவது வேண்டும் என்று வைத்தால் ஓசை 29-ஐத் தாண்டாது. குரலுக்கும் ஓசைக்கும் இடைவெளி குறைந்தது 3 என்பதால், குரல் 26-ஐத் தாண்டாது. மறுபக்கம், லாங் மணியோசை கேட்டது 30. அவர் பார்த்த இருவரும் அதற்குப் பிறகு வீட்டின் நடைவழியே முற்றத்துக்குப் போயிருக்க வேண்டுமென்றால் குரல் 31-க்கு முன்னால் கேட்டிருக்க முடியாது. 26-க்கு மேல் போகக் கூடாத ஒன்று 31-க்குக் கீழேயும் வரக் கூடாது. பள்ளம், அதாவது பொருந்தாமல் நிற்கும் இடைவெளி, 5 நிமிடம்.

இந்தக் கணக்கில் கேடாஷ் சொன்ன '5.20 அளவில்' என்பதை நான் பயன்படுத்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதையும் சேர்த்தால் பள்ளம் 11 நிமிடமாகத் தெரியும். ஆனால் அது அவர் மனத்தில் கணித்த நேரம், கடிகாரத்தில் பார்த்த நேரம் அல்ல. அதைத் தளர்த்திய பிறகும் எஞ்சுவது அந்த ஐந்துதான், அந்த ஐந்தும் இரண்டு பொதுக் கடிகாரங்களுக்கு இடையில் கிடக்கிறது. மதுபான ஆலைக் கடிகாரமும் தேவாலயக் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின என்பதும் நீங்கள் சத்தமில்லாமல் போட்ட மூன்றாம் வகைக் கோடுதான். பிரிட்டனில் கிரீனிச் நேரம் 1880-இல் சட்டப்படியான நேரமானது உண்மை. ஆனால் சட்டம் வந்ததாலேயே ஒவ்வொரு கோபுரத்து முள்ளும் ஒன்றாக நகர்ந்துவிடாது.

பேக்ஸ்டர் தம் முடிவுரையில், கேடாஷ் தம் கணிப்பில் கால் மணி நேரம் பிசகியிருந்தால் முரண் மறைந்துவிடும் என்றார். கேடாஷ் எழுந்ததே 5.15-க்குத்தான், தேவாலயத்தைக் கடந்தது ஐந்தரைக்குப் பிறகு என்பதை அதற்கு ஆதாரமாகவும் காட்டினார். வலை அவருடன் பாதிதான் உடன்படுகிறது. கேடாஷின் 5.20-ஐ 5.26 வரை தள்ளத் தேவாலயம் இடம் கொடுக்கிறது, 5.35 வரை தள்ளினால் அவர் முற்றத்தில் இருக்கும்போதே தேவாலயத்தையும் கடந்திருக்க வேண்டும். பேக்ஸ்டர் எந்தச் சாட்சியை நம்பினாரோ அதே சாட்சியின் இன்னொரு சொல் அவர் கையைப் பிடிக்கிறது. இதைத்தான் இந்த முறையின் உண்மையான பயன் என்பேன்: யாரை நீக்குவது என்று அது சொல்லாது, ஒருவர் முன்வைக்கும் சமாதானம் எத்தனை நிமிடம் வரை தாங்கும் என்று சொல்லும்.

ஆகவே சாட்சியை நீக்காதீர்கள், கோட்டை நீக்குங்கள். எந்தெந்தக் கோட்டைத் தனியாக எடுத்தால் வளையம் அறுகிறது என்ற பட்டியலே உங்கள் ஆய்வேட்டின் விடை. கணினி அறிவியலாளர்கள் டெக்டர், மெய்ரி, பேர்ல் மூவரும் 1991-இல் வகுத்த எளிய நேரக் கட்டுப்பாட்டு வலை இதற்குப் போதும்; இரண்டு கால இடைவெளிகள் ஒன்றுக்கொன்று எப்படி அமையலாம் என்று ஜேம்ஸ் ஆலன் 1983-இல் தந்த 13 உறவுகள் கோட்பாட்டுப் பகுதியில் எழுதுவதற்கு நன்றாக இருக்கும், ஆனால் நிமிடக் கணக்குக்கு அவை உதவா.

சாட்சிக்கூண்டு எழுதியது:

நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். அமர்வு நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் குறுக்கு விசாரணை செய்து வருபவன். காலவலை ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வாக்குமூலம் என்று நம் கையில் இருப்பது சாட்சியின் பேச்சு அல்ல. கேள்விகளைக் களைந்துவிட்டு, பதில்களை மட்டும் ஒரே ஓட்டமாக 'நான் வந்தேன், பார்த்தேன், போனேன்' என்று ஒருவர் எழுதிய உரை அது. நம் நாட்டில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276-ஆம் பிரிவே, அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியம் பொதுவாகக் கதைவடிவில் பதியப்பட வேண்டும், நீதிபதி விரும்பினால் கேள்வி பதிலாகவும் பதியலாம் என்றுதான் சொன்னது. 'அப்போது மணி ஐந்து இருக்குமா?' என்று நான் கேட்டு, சாட்சி 'இருக்கும்' என்று தலையசைத்தால், பதிவில் 'அப்போது மணி ஐந்து இருக்கும்' என்று சாட்சியே சொன்னதாக ஏறும். அந்த ஐந்து என்னுடையது. உங்கள் மென்பொருள் அதைச் சாட்சியின் கணக்கில் வரவு வைக்கும்.

கதைவடிவில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாக்கியங்கள் வரும் வரிசை, நிகழ்ச்சி நடந்த வரிசை அல்ல. கேள்வி கேட்ட வரிசை. குறுக்கு விசாரணையில் நாங்கள் வேண்டுமென்றே முன்னும் பின்னுமாகக் கேட்போம். அடுத்தடுத்த வாக்கியங்கள் அடுத்தடுத்த நிகழ்ச்சிகள் என்று கொள்ளும் எந்தக் கருவியும் இந்த உரையில் தடுக்கி விழும்.

ரிச்சர்ட்சனைப் பற்றிக் கயல் எழுதியதில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. சம்பவம் நடந்த அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன் அவரிடம் பேசிய ஆய்வாளர் ஜோசப் சேண்ட்லரிடம், பின்கதவுக்கு வந்து நிலவறையைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனதாகத்தான் ரிச்சர்ட்சன் சொல்லியிருக்கிறார். காலணியை வெட்டியதைப் பற்றிச் சொன்னாரா என்று கேட்கப்பட்டபோது, இல்லை என்றே சேண்ட்லர் பதிலளித்தார். நான்கு நாள் கழித்து விசாரணையில்தான் படியில் அமர்ந்ததும் கத்தியும் வருகின்றன. கத்தியைக் கொண்டுவரச் சொன்னார்கள். வந்தது மழுங்கிய மேசைக்கத்தி. அது சரியாக வெட்டவில்லை என்பதால் சந்தையில் வேறொரு கத்தியை இரவல் வாங்கியதாக அவர் பிறகு விளக்கினார்.

முன்பு சொல்லாமல் விட்டதும் முரண் ஆகலாம். ஆகுமா ஆகாதா என்பது விட்டது எவ்வளவு முக்கியமானது என்பதைப் பொறுத்தது. காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் பற்றிய, அதே பழைய சட்டத்தின் 162-ஆம் பிரிவின் விளக்கமும் இதைத்தான் சொன்னது. இங்கே விட்டது சிறிதல்ல. கதவில் நின்று கீழே எட்டிப் பார்த்தவனுக்கும் படியில் உட்கார்ந்தவனுக்கும் கண்ணில் படும் தரை வேறு. அந்தக் கதவு வெளிப்பக்கமாக, சடலம் கிடந்த இடப்பக்கத்தை மறைத்துக்கொண்டு திறப்பது. சொல்லப்படாத ஒரு வாக்கியத்தை உங்கள் கருவி எப்படிக் குறிக்கும்? கேலியாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்கிறேன்.

'சுமார்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'சுமார்' என்று சொல்பவரை நான் கூடுதலாகவே நம்புவேன். எங்கள் ஊர்ச் சாட்சி ஒருவர் மணியைக் கேட்டால் திணறுவார். பால் கறந்துவிட்டு வந்த பிறகா, முதல் பஸ் போன பிறகா என்று கேட்டால் தயங்காமல் சொல்வார். பிறகு பஸ் எத்தனை மணிக்கு என்பதை நான் நடத்துநரிடம் கேட்டுக்கொள்வேன்.

காலவலை எழுதியது:

நியாயமான கேள்வி, ஐயா. உரையில் நேரத்தையும் நிகழ்ச்சிகளையும் குறிக்கும் டைம்எம்எல் என்ற குறிமுறையில், நடக்காத நிகழ்ச்சியை எதிர்மறை என்று குறிக்க இடம் உண்டு. 'சடலம் அங்கே இல்லை' என்பதை 4.48-இல் நிகழ்ந்த ஓர் எதிர்மறை நிகழ்ச்சியாக எழுதலாம். ஆனால் அதைவிட நல்ல வழி, ரிச்சர்ட்சனை இரண்டு சாட்சிகளாக வைப்பது. காலை ஏழு மணிக்குப் பேசிய ரிச்சர்ட்சன் ஒருவர், செப்டம்பர் 12-ஆம் தேதி பேசிய ரிச்சர்ட்சன் இன்னொருவர். ஒவ்வொரு கூற்றுக்கும் 'யார் சொன்னது' என்பதோடு 'எப்போது, யாரிடம் சொன்னது' என்ற முத்திரையும் சேர வேண்டும். அப்படிச் செய்தால் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது தானாகவே வெளியே தெரியும்.

மருத்துவர் ஃபிலிப்ஸின் பதிலையும் மீண்டும் படிக்கச் சொல்வேன், கயல். இரண்டு மணி நேரம் என்று சொன்ன அதே மூச்சில், காலை ஓரளவு குளிராக இருந்தது, குருதி மிகுதியாக வெளியேறியதால் உடல் விரைவில் குளிர்ந்திருக்கும் என்றும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நேரச்சொல்லைத் தேடும் கருவி முதல் வாக்கியத்தில் 'இரண்டு மணி நேரம், அல்லது அதற்கு மேல்' என்று அழகாகக் குறித்துவிடும். இரண்டாம் வாக்கியத்தில் நேரச்சொல்லே இல்லாததால் அதைக் கடந்து போய்விடும். ஆனால் முதல் வாக்கியத்தின் எல்லையைத் தளர்த்துவது அந்த இரண்டாம் வாக்கியம்தான். இதை எந்தத் தானியங்கிக் கருவியும் ஒழுங்காகப் பிடித்து நான் பார்த்ததில்லை; கையால்தான் செய்ய வேண்டும்.

அன்றைக்கே இதில் இரண்டு கட்சி இருந்தது. ஃபிலிப்ஸ் கணக்குத் தவறியிருக்கிறார் என்ற பக்கம் பேக்ஸ்டர் சாய்ந்தார். மருத்துவர் சொன்னது சரியென்றால் லாங் அம்மையாரின் சாட்சியத்தை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும் என்று தலைமை ஆய்வாளர் டொனால்ட் ஸ்வான்சன் அக்டோபர் 19-ஆம் தேதி அறிக்கையில் எழுதினார். இருவரும் ஒரே வளையத்தில் வெவ்வேறு கோட்டை அறுத்தார்கள்.

தோழியின் யோசனைக்கு வருகிறேன். பெரிய மொழி மாதிரியிடம் ஒவ்வொரு பத்தியாகக் கொடுத்து, 'இதில் உள்ள நேரக்கூற்றுகளை மூலச் சொற்களோடு எடுத்துத் தா' என்று கேட்டால் வேலை எளிதாகும். 'நேரவரிசையைக் கட்டித் தா' என்று கேட்டால் ஏமாறுவீர்கள். அது முரணை நமக்குக் காட்டாமல் இழைத்துச் சமன் செய்துவிடும். வழுவழுப்பான கதையை எழுதுவதுதான் அதன் பழக்கம். அதோடு இந்த வழக்கு உலகில் அதிகம் எழுதப்பட்ட வழக்குகளில் ஒன்று. நீங்கள் கொடுத்த உரையைப் படித்து விடை சொல்கிறதா, ஏற்கெனவே படித்ததை ஒப்பிக்கிறதா என்று உங்களால் கண்டறிய முடியாது. பெயர்களையும் தெருவையும் மாற்றி, எல்லா நேரங்களையும் ஏழு மணி நேரம் தள்ளி ஒரு படி தயாரியுங்கள். இரண்டு படிகளுக்கும் அது தரும் விடைகளை ஒப்பிடுங்கள். விடை மாறினால் எது நடந்தது என்று தெரிந்துவிடும்.

பழந்தாள் எழுதியது:

ஆவணக்காப்பகங்களில் வேலை செய்தவன் என்ற முறையில் மூலத்தைப் பற்றிச் சில சொற்கள். ஆனி சாப்மன் விசாரணையின் அதிகாரபூர்வத் தாள்கள் இன்று இல்லை. கயல் வைத்திருப்பது நாளிதழ் நிருபர்கள் எழுதிய சுருக்கம். டெய்லி டெலிகிராஃப் ஒரு விதமாகவும் டைம்ஸ் வேறொரு விதமாகவும் சுருக்கியிருக்கும். தச்சரின் பெயருக்கே எழுத்து வேறுபாடு உண்டு, லாங் அம்மையாரை டாரெல் என்று குறிக்கும் பதிவுகளும் உண்டு. பெயரை வைத்துச் சாட்சிகளை எண்ணும் நிரல், ஒரே அம்மையாரை இரண்டு பேராக்கி, ஒருவர் கூற்றை மற்றவர் உறுதிப்படுத்துவதாகக் காட்டிவிடும். சேண்ட்லரின் சாட்சியத்தில், ரிச்சர்ட்சன் படியிறங்கவில்லை என்று சொன்னதாகவும், படியின் மேல் நின்றிருந்தால் சடலத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றும் வரும் பகுதி எல்லாப் பதிவிலும் ஒரே வடிவில் இல்லை. ஆகவே ஒரு நாளிதழை மட்டும் நம்பி வலை கட்டாதீர்கள். ஒவ்வொரு பதிவையும் தனித் தாளாக வைத்து, அவை எங்கே பிரிகின்றன என்பதை முதலில் பாருங்கள்.

ஹைடல்டைம் பற்றி ஓர் எச்சரிக்கை. செய்தி, கதையுரை என்று உரையின் வகையைத் தேர்வு செய்ய அதில் இடம் உண்டு. நாளிதழ் என்பதால் நீங்கள் செய்தி என்று தேர்ந்தெடுத்திருந்தால், 'சனிக்கிழமை' போன்ற சொற்களை அது நாளிதழின் தேதியிலிருந்து கணக்கிடும். சாட்சி பேசிய நாள் 19, அச்சான நாள் 20, சம்பவ நாள் 8. மூன்றும் குழம்பினால் மணி சரியாக இருந்தும் நாள் தவறிவிடும்.

சாட்சிகள் எவரும் சொல்லாத, ஆனால் எவரும் மறுக்க முடியாத ஒரு கடிகாரமும் அன்று ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி லண்டனில் கதிரவன் எழுவது கிரீனிச் நேரப்படி ஏறத்தாழ 5.25-க்கு. ரிச்சர்ட்சன், முழு வெளிச்சம் இல்லை, ஆனால் பார்க்கும் அளவுக்கு இருந்தது என்று கூறியது 4.45-க்குப் பொருந்தக்கூடிய பேச்சு. லாங் கண்டதோ கதிரவன் எழுந்த பிறகு, அல்லது எழும் தறுவாயில். வெளிச்சத்தைப் பற்றிய சொற்களையும் நேரச்சொற்களாகக் குறியுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வழக்கு வேண்டுமானால், அதே மாதம் 30-ஆம் தேதி மைட்டர் சதுக்கத்தில் நடந்த கேத்தரின் எட்டோஸ் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விசாரணையின் மூலத் தாள்கள், முன்பு லண்டன் பெருநகர ஆவணக்காப்பகம் என்று அழைக்கப்பட்ட லண்டன் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே வலை மிக இறுக்கமாக வரும். ரோந்துக் காவலர் எட்வர்ட் வாட்கின்ஸ் 1.30-க்குச் சதுக்கத்தைக் கடந்தபோது எதுவும் இல்லை, 1.44-க்குத் திரும்பியபோது சடலம் கிடந்தது. ரோந்து குறித்த பாதையில், குறித்த நேரத்துக்குள் நடப்பது என்பதால் அந்தப் பதினான்கு நிமிடம் நினைவிலிருந்து மட்டும் வந்ததல்ல. இடையில் ஜோசப் லாவெண்டே என்பவர், தாம் இருந்த மனமகிழ் மன்றத்தின் கடிகாரத்தையும் தம் சொந்தக் கடிகாரத்தையும் பார்த்துவிட்டுப் புறப்பட்டு, 1.35 அளவில் சதுக்கத்துக்குள் செல்லும் சந்தின் முகப்பில் ஓர் ஆணையும் பெண்ணையும் கண்டார். ஆனால் அவர் அந்தப் பெண்ணை அடையாளம் சொன்னது உடையை வைத்துத்தான், முகத்தை வைத்து அல்ல. நேரம் இரும்பு போல் இருக்கிறது, ஆள் யார் என்ற கோடுதான் நூல் போல் இருக்கிறது.

நினைவுத்தடம் எழுதியது:

உளவியல் பக்கத்திலிருந்து சுருக்கமாக ஒன்று. 1974-இல் லாஃப்டஸும் பால்மரும் ஒரே விபத்துப் படத்தைக் காட்டி, வண்டிகள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று ஒரு குழுவிடமும், 'தொட்டபோது' என்ன வேகம் என்று இன்னொரு குழுவிடமும் கேட்டார்கள். சராசரி விடை முதல் குழுவில் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், இரண்டாம் குழுவில் 31.8. வழக்கறிஞர் ஐயா சொன்ன 'அந்த ஐந்து என்னுடையது' என்பதற்கு ஆய்வகச் சான்று இது. கேள்வி களையப்பட்ட உரையில் இந்த விலகலைக் கண்டுபிடிக்கவே வழியில்லை.

லாங்கும் கேடாஷும் சாட்சியம் சொன்னது செப்டம்பர் 19-ஆம் தேதி, அதாவது சம்பவம் நடந்து பதினொரு நாள் கழித்து. அதற்குள் நகரமே இதைப் பேசித் தீர்த்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் சொன்னார்கள் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு கூற்றுகளையும் தனித்தனி அளவீடுகளாகக் கருதிச் சராசரி எடுக்கக் கூடாது. இன்றைக்கு என்றால் லொரேன் ஹோப்பும் அவருடைய குழுவினரும் 2013-இல் பரிசோதித்த முறைபோல, சாட்சியின் கையிலேயே ஒரு நேரக்கோட்டையும் அட்டைகளையும் கொடுத்து, யார் என்ன செய்தார்கள் என்று அவரையே வரிசைப்படுத்தச் சொல்லலாம். அப்படிச் செய்தால் முன், பின் என்ற கோடுகள் சாட்சியின் கோடுகளாகவே வந்து சேரும்.

கயல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று நாள் எடுத்துக்கொண்டு வலையை முதலிலிருந்து மீண்டும் கட்டினேன். நான் கட்டிய கோடுகளை மட்டும் சிவப்பாக்கிப் பார்த்தபோது ஆறு இருந்தன. அவற்றில் நான்கை நான் கட்டியதே எனக்கு நினைவில்லை. ஆலைக் கடிகாரம் ஒன்று, தேவாலயக் கடிகாரம் ஒன்று என்று இரண்டு மாறிகளை வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் திறந்து விட்டேன். வேறுபாடு ஐந்து நிமிடத்தைத் தொட்டதும் லாங், கேடாஷ் வளையம் அறுந்தது. வேறுபாட்டைச் சுழியாக வைத்துவிட்டு 'அந்த ஓசையே கொலை' என்ற கோட்டை மட்டும் எடுத்தாலும் அறுகிறது. 'அந்தப் பெண்ணே சாப்மன்' என்ற கோட்டை மட்டும் எடுத்தாலும் அறுகிறது. லாங் கேட்டது ஐந்தேகால் மணியோசையாக இருந்து, அதை ஐந்தரை என்று அவர் எண்ணியிருந்தாலும் அறுகிறது. ஆகவே நான்கு வழிகள். உரையை மட்டும் வைத்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

ஃபிலிப்ஸ், ரிச்சர்ட்சன் முரண் வேறு வளையம். அதில் கடிகாரங்களை எவ்வளவு நகர்த்தினாலும் பயனில்லை. மருத்துவரின் எல்லையைத் தளர்த்த வேண்டும், அல்லது காலை ஏழு மணி ரிச்சர்ட்சனை ஏற்றுப் பன்னிரண்டாம் தேதி ரிச்சர்ட்சனை விட வேண்டும். இரண்டாம் வழியில் போனாலும் லாங் பக்கம் முட்டுகிறது என்பதால், மருத்துவரின் 'இரண்டு மணி நேரம்' என்ற ஒற்றைக் கோடு எத்தனை பேரோடு மோதுகிறது என்று எண்ணிக்கை மட்டும் தந்திருக்கிறேன்: மூவரோடு.

பெயர்களை மாற்றிச் செய்யச் சொன்ன சோதனையையும் செய்தேன். மூல உரையைக் கொடுத்தபோது மொழி மாதிரி, நான் கொடுத்த பத்திகளில் எங்குமே இல்லாத தேவாலயத்தின் முழுப் பெயரைத் தன் விடையில் எழுதியது. மாற்றிய படியைக் கொடுத்தபோது அந்தப் பெயர் வரவில்லை. ஆனால் தச்சர் கேட்ட ஓசையைக் 'கொலை நிகழ்ந்த நேரம்' என்று இரண்டு முறையும் எழுதியது. என்னைப் போலவேதான்.

நெறியாளர் ஒரே ஒரு நேரக்கோட்டுப் படம் வேண்டும் என்கிறார். நான்கு படங்களைக் கொடுக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.